செல்வராணி அண்ணி தெரிந்துகொள்ள விரும்பியது

அன்று காலை போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுண்டரில் எனக்கு வேலை. நிக்கோபார் பக்கம் போகும் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கத் தொடங்கியிருந்தோம். வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மம்தா உள்ளே வந்தாள். அண்ணி வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருக்கும் வங்காளிப் பெண். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாபி, சலோ... ஜல்தி சலோ" என்றாள். சீக்கிரம் வா என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவருக்கா?" என்றுதான் கேட்டேன். என் கணவர் தேவராஜுக்கா என்று. பல வருடங்களாக எந்தக் கெட்ட செய்தி வந்தாலும் அது அவரைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பழகிவிட்டேன். மம்தா இல்லை என்று தலையை ஆட்டினாள். "நஹி பாபி. ராணி தீதி." அவளுக்கு ராணி தீதி, எனக்குச் செல்வராணி அண்ணி.

இரவு டூட்டியை முடித்து, நோயாளிகளை அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, உடை மாற்றும் அறைக்குப் போயிருக்கிறார். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, ஒரு டீ கிடைக்குமா என்று மம்தாவைக் கேட்டிருக்கிறார். டீயோடு அவள் திரும்பியபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டர்கள் பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். எல்லோரும் ஓடி வந்தும் பயனில்லாமல் போயிற்று. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன.

இந்த ஊரில் உங்களில் பலருக்கு அவர் செல்வராணி சிஸ்டர். உங்கள் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் நின்றவர். எனக்கு அவர் கணவரின் அக்கா, அண்ணி. அவர் எங்கள் குடும்பத்துக்காகச் செய்த ஒரு காரியம் உங்களில் அநேகம் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை. என் கணவரையும் மகளையும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவர்கள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிக்கோபாரின் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அண்ணியும் தேவராஜும் கட்சாலில் பிறந்தவர்கள். மாமனார் ரப்பர் பால் வெட்டுபவர். சுனாமியில் மாமியாரும், மாமனாரின் அண்ணனான பெரியப்பாவும் போய்விட்டார்கள். மாமனார் மட்டும் மேட்டில் ஏறித் தப்பினார். அப்போது போர்ட் பிளேரில் வேலையில் இருந்த அண்ணி, அவரைத் தன் டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துவந்துவிட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் தேவராஜும் அதற்கு அடுத்த தெருவில் குடியிருந்தோம். அதனால் பிறகு நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

ஐம்பதைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்த மனிதர். விடிவதற்கு முன்பே எழுந்து, பால் வாளி எங்கே என்று தேடுவார். சரிவில் இறங்கி யார் வீட்டுக் கதவையாவது தட்டி, தோட்டத்துக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்பார். தெரிந்தவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். "பாவம், சுனாமி பயம்" என்பார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அந்த அலைக்குப் பிறகு தீவுகளில் கலங்கிப்போனவர்கள் ஒருவர் இருவரா?

ஒரு மதியம் அண்ணி சீருடையோடு உட்கார்ந்து அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மாமனார் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "சிஸ்டர், எம் மக எப்ப டூட்டி முடிஞ்சு வரும்?" என்று கேட்டார். அண்ணியின் கை நிற்கவில்லை. "இப்ப வந்துரும்ங்க. நீங்க சாப்புடுங்க, அது வந்தா சந்தோசப்படும்" என்றார். கடைசி வாய் வரைக்கும் ஊட்டினார். பிறகு சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் பின்னாலேயே போனேன். "அம்மாவத் தண்ணி எடுத்துட்டுப் போச்சு, புஷ்பா. அப்பாவ அந்தப் பயம் எடுத்துட்டுப் போகுது" என்றார்.

மாமனார் படுக்கையில் விழுந்து, எங்கள் யாரையும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

சில வருடங்கள் கழித்து கோத்தகிரியிலிருந்து செய்தி வந்தது. மாமனாரின் தம்பி அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அவர் வேலைக்குப் போன இடத்திலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார் என்றார்கள். அண்ணி லீவு போட்டுவிட்டு மெயின்லாண்ட் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விமான நிலையத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சித்தப்பா என்னையப் பாத்து நீங்க எந்த லயத்து வீட்டு ஆளுன்னு கேக்குறாரு. அதே பேச்சு, அதே நடை. சட்டைப் பித்தானைத் தடவிக்கிட்டே இருந்தாரே அப்பா, அதுகூட அப்புடியே. புஷ்பா, அவரு மலை மேல இருக்காரு. அவருக்கு எந்தச் சுனாமி வந்துச்சு?"

நான் பையை வாங்கி வைத்தேன். உள்ளே தேவராஜ் எங்கள் மகள் நிவேதாவுக்குப் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

சித்தப்பாவைப் பார்த்த மருத்துவர், மெயின்லாண்டில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு எழுதியிருந்தார். அங்கிருந்து ஒரு பெண் மருத்துவர் அண்ணியைத் தொலைபேசியில் அழைத்தார். அல்சைமர் நோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதில்லை என்று அவர் விளக்கினாராம். ஆனால் மிக அபூர்வமாகச் சில குடும்பங்களில், மரபணுவில் ஒரே ஓர் இடத்தில் இருக்கும் கோளாறு நேராகப் பிள்ளைகளுக்கு இறங்குகிறது. அந்தக் குடும்பங்களில் நோய் இள வயதிலேயே வந்துவிடுகிறது. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று பார்க்க வேண்டும், ரத்த சொந்தங்கள் எத்தனை பேர் ரத்தம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறார்.

"எல்லாருகிட்டயும் நான் பேசுறேன் மேடம்" என்று அண்ணி சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவருக்கே தெரிந்தது.

கட்சாலுக்கு அவரோடு நானும் போனேன். அங்கே பெரியப்பா மகன் முத்தையா, சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். சாப்பாடு போட்டார், கோழி அடித்தார். பேச்சை எடுத்தவுடன் முகம் மாறிவிட்டது.

"அக்கா, எங்கப்பா தெளிவாத்தான் இருந்தாரு. தண்ணியில போனாரு. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"உங்கப்பா போகும்போது அவருக்கு என்னா வயசு, முத்தையா? இன்னும் கொஞ்சம் நாள் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இருக்குன்னு நான் சொல்லல. தெரியாதுன்னுதான் சொல்றேன்."

"எனக்கு ரெண்டு பொண்ணு. இந்தத் தீவுல ஒரு வூட்டுல தும்முனா அடுத்த வூட்டுல கேக்கும். பைத்தியக்காரக் குடும்பம்னு பேரு வந்துச்சுன்னா எவன் கட்டுவான்? சோச்கே போலோ அக்கா, யோசிச்சுச் சொல்லு."

அண்ணி அவர் மேல் கோபப்படவில்லை. "பயப்படுறது தப்பில்லடா. நானும் பயந்துபோய்த்தான் வந்திருக்கேன். அப்பாவ நான் ஒருத்தியாப் பாத்தேன். என்ன வியாதின்னு பேருகூடத் தெரியாம பாத்தேன். அடுத்து வர்றவங்களுக்காவது பேரு தெரியணும்னு நெனைக்கிறேன்" என்றார். முத்தையா எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலை அவர் மட்டும் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் எடு. புள்ளைங்கள விட்ரு" என்றார். ஊசி ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வேறு சிலரும் கொடுத்தார்கள். சிலர் நாங்கள் வருகிறோம் என்று கேள்விப்பட்டதும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். திரும்புகையில் கடல் சீறி, கப்பல் வரவில்லை. ரத்தம் எடுத்த சிறு குழாய்கள் இருந்த பெட்டியில் ஐஸ் கரைய, அண்ணி மீன்காரர்களிடம் ஐஸ் கேட்டு ஓடினார். ஐஸ் நேராகப் பட்டால் ரத்தம் கெட்டுவிடும் என்று குழாய்களைத் தன் துண்டில் சுற்றி நடுவில் வைத்தார். இறங்குதுறையில் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகவும் மறுத்துவிட்டார். "அவன் கண்ண மூடிக்கிட்டுக் குடுத்தான் புஷ்பா. இது கெட்டுப்போனா மறுபடி எந்த முகத்தோட கேப்பேன்?"

பெட்டி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. பல மாதங்கள் ஒரு தகவலும் இல்லை. பிறகு அந்த மருத்துவரே போர்ட் பிளேருக்கு வந்தார். குடும்பத்தில் இருப்பது அந்த அபூர்வ வகைதான், கோளாறு எந்த மரபணுவில் இருக்கிறது என்றும் கண்டுபிடித்தாயிற்று என்றார். கோளாறு இருக்கும் ஒருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்தில் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை அவர்கள் எங்களிடம் சொல்வதில்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசி, மறுபடி ரத்தம் கொடுத்துக் கேட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்பவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. இப்போதைக்கு இதைக் குணமாக்க மருந்தில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

என் கணவர் அன்றே சொல்லிவிட்டார். "மருந்து இல்லாத வியாதிய எதுக்குத் தெரிஞ்சுக்கணும்? எனக்கு வேணாம். யாரும் எங்கிட்ட இதப் பேசாதீங்க." அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒவ்வொரு நாளும் அவர் அந்த உயரத்துக்கு ஏறும்போது எனக்குள் என்ன ஓடும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவார். எல்லோரும்தான் தேடுகிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் சாவி தொலைந்தால் நானும் நிவேதாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

அண்ணி மட்டும் தெரிந்துகொள்ளப் போனார். தனியாகத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார். திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம் மின்னி பேயில் கடலோரமாக என்னை நடக்கக் கூப்பிட்டார். எவ்வளவோ தூரம் நடந்த பிறகு, "எனக்கு இல்லயாம்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். அண்ணி அழவில்லை. சந்தோஷப்படவும் இல்லை.

"அப்ப தேவாவுக்குத்தான் இருக்குமோன்னு ஓடுது" என்றார்.

"அண்ணி, அப்படி இல்லன்னு அவங்கதான் சொன்னாங்களே."

"சொன்னாங்க. எனக்கு இருக்கிறதுக்கும் அவனுக்கு இருக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல, பங்கு போடுற சமாச்சாரம் இல்லன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. எனக்குப் புரியுது. நர்ஸு தானே நான். ஆனா மனசு பங்கு போடுது புஷ்பா. எனக்கு இருந்து அவனுக்கு இல்லாமப் போயிருக்கலாம். எனக்குப் புள்ளையா குட்டியா?"

பிறகு சட்டென்று நின்று என்னைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் வச்சுக்க. அவனுக்கு வந்தா நான் இருக்கேன். அப்பாவப் பாத்த கை இது. நீ பயப்படாத. நீ வேலைக்குப் போ, புள்ளயப் பாரு. அவன என்கிட்ட விட்ரு." அதற்குப் பிறகு நான் தூங்கிய இரவுகளெல்லாம் அந்த ஒரு பேச்சை நம்பித்தான் தூங்கினேன்.

பிரச்சினை நிவேதாவிடமிருந்து வந்தது. கூடப் படித்த பையனைக் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவாகி, இரண்டு வீட்டிலும் சம்மதம் சொன்ன சமயம். "அவன்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். பரவால்லங்குறான். ஆனா எனக்குத் தெரியணும். நான் டெஸ்ட் பண்ணிக்கப்போறேன்" என்றாள்.

தேவராஜ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவருக்கு வந்த கோபம் எனக்குப் புரிந்தது. நிவேதாவுக்கு இருக்கிறது என்று வந்தால், அது அவர் வழியாகத்தான் வந்திருக்க முடியும். மகளின் ரிப்போர்ட்டே அவருடைய ரிப்போர்ட் ஆகிவிடும். தெரியவேண்டாம் என்று அவர் கட்டிவைத்திருந்த சுவரை மகள் உடைக்கப் போகிறாள். அவளோ, என் உடம்பைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லையா என்கிறாள். நான் யார் பக்கம் நிற்பது? அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். கல்யாண வேலைகள் அப்படியே நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். தம்பியை எதிரில் உட்காரவைத்தார். நிவேதாவையும் என்னையும் வெளியே போகச் சொல்லவில்லை.

"தேவா, ஒனக்கு வேணாம்னா வேணாம். சாகுற வரைக்கும் நான் கேக்க மாட்டேன். ஆனா அது ஒனக்குள்ள இருக்கிற பயம். அதே பயத்த அவளும் சுமக்கணும்னு நீ சொல்லக்கூடாது."

"அவ மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுபோயிருமே அக்கா!"

"தெரிஞ்சா தெரியட்டும். தெரிஞ்ச அன்னைக்கு நான் இங்க இருப்பேன்."

தேவராஜ் மகளைப் பார்க்காமலே, "போய்ட்டு வரச் சொல்லு" என்றார்.

அத்தையும் மருமகளும் சேர்ந்து மெயின்லாண்ட் போனார்கள். ரத்தம் கொடுத்தார்கள், திரும்பி வந்தார்கள், முடிவு தயார் என்றதும் மறுபடி போனார்கள். அந்த இடைப்பட்ட வாரங்களில் எங்கள் வீட்டில் டி.வி. எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. அவர்கள் திரும்பும் நாளில் தேவராஜ் காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நிவேதா வந்து பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இல்லப்பா. எனக்கு இல்ல" என்றாள். அவர் திரும்பவே இல்லை. மகளின் கைகளைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். அண்ணி வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கு இல்லை என்பதால் அப்பாவுக்கு இல்லை என்று ஆகிவிடாது. அவருக்கு இருந்து, அவளுக்கு இறங்காமல் போயிருக்கலாம். அன்று சாப்பாடு பரிமாறும்போது அது என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. அண்ணி என் பக்கத்தில் வந்து நின்று, சாம்பார் கரண்டியை வாங்கிக்கொண்டார். "இன்னைக்கு ஒரு நாள் சந்தோசமா இரு. மீதிய நாளைக்குப் பயந்துக்கலாம்" என்றார்.

நிவேதாவின் கல்யாணத்தை அண்ணி முன்னால் நின்று நடத்தினார். அதற்கு அடுத்த மழைக்காலத்துக்குள் அவரே இல்லை.

வார்டில் வேலை பார்த்தவர்கள், குணமாகிப் போனவர்கள், வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள் என்று வீடு நிறைந்திருந்தது. தேவராஜ் எல்லாச் சடங்குகளையும் தவறில்லாமல் செய்தார். அவர் ஒவ்வொன்றையும் சரியாகச் செய்வதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அக்காவை இழந்து நிற்கும் மனிதரை அந்த நேரத்திலும் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பயம் மனிதரை அப்படி ஆக்கிவிடுகிறது. இனி அவருக்கு ஏதாவது வந்தால் யார் கையில் விடுவேன் என்ற கேள்வியும் கூடவே நின்றது.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, அலமாரி மேல் இருந்த அண்ணியின் ஃபோன் அடித்தது. எடுத்தேன். எதிர்முனையில் ஒரு பெண் கடகடவென்று பேசத் தொடங்கிவிட்டாள்.

"அத்தை, நான் முத்தையா மக மகேஸ்வரி. கட்சால்ல டவரு இல்ல, ஒரு வாரமா கூப்புடுறேன். நான் முழுகாம இருக்கேன் அத்தை. அப்பா டெஸ்ட் வேணாங்குறாரு. எனக்குத் தெரிஞ்சுக்கணும்போலவும் இருக்கு, பயமாவும் இருக்கு. நான் என்னா செய்யட்டும்?"

அண்ணி போய்விட்டார் என்று நான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தேன். அவள் ஃபோனை வைத்துவிடவில்லை. அந்தக் கேள்வி அப்படியே இருந்தது, அதைக் கேட்க அவளுக்கு வேறு ஆளில்லை. எனக்கோ மருத்துவம் தெரியாது. நான் டிக்கெட் கொடுப்பவள்.

"மகேஸு, நீ தெரிஞ்சுக்கணுமா வேணாமான்னு நான் சொல்ல முடியாதும்மா. அண்ணியும் சொல்லியிருக்க மாட்டாங்க. எதுன்னாலும் நான் கூட வர்றேன். டாக்டரம்மாகிட்ட நான் பேசுறேன். அடுத்த கப்பல்ல அங்க வர்றேன், உங்கப்பாகிட்டயும் பேசலாம்" என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் தேவராஜ் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. யார் என்று கேட்கவில்லை. "அந்த நம்பர நிறுத்திராத" என்று மட்டும் சொன்னார்.

நிறுத்தவில்லை. அண்ணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த எண்தான். தெரியாத ஊர்களிலிருந்து, கேட்கத் தயங்கும் குரல்களில், எங்கள் சொந்தங்கள் அதில் கூப்பிடுகிறார்கள். நான் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் பயத்தோடுதான் எடுக்கிறேன். அதற்கு சார்ஜ் போடும் வேலையைத் தேவராஜ் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். படுக்கப் போகுமுன் வயரைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வருவார். இதுவரை ஒரு நாளும் மறக்கவில்லை.